அறுந்த நரம்பு மீண்டும் தளிர்க்கிறது!

காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். மீன்பிடித் துறைமுகத்து விளக்குகள்தாம் காரணம். படகுகள் வந்து நிற்கின்றன. கூடை கூடையாக மீன் இறங்குகிறது. ஏலம் கூவுகிறார்கள். ஐஸ் கட்டிகளை உடைக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பெண்களின் கையைக் கவனியுங்கள். அரிவாள்மணைக்கு முன்னால் என்ன வேகமாகப் போய் வருகிறது! கண் வாங்க வந்தவரைப் பார்க்கும். வாய் பேரம் பேசும். கை தன்பாட்டுக்கு வஞ்சிரத்தைத் துண்டு போடும். விரல் நுனியிலேயே ஒரு கண் இருக்கிறதோ என்று தோன்றும்.

அங்கிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர். தகடு வெட்டும் யந்திரங்கள், கடைசல் பட்டறைகள், பிரஸ்கள், பெரிய பெரிய தொழிற்சாலைகள். தெற்கே வந்தால் துறைமுகம். கிரேன், இரும்பு வடம், கண்டெய்னர் பெட்டி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கையை நம்பிப் பிழைக்கிற ஊர் இது.

அந்தக் கையில் ஒரு நரம்பு அறுந்து போனால் என்ன ஆகும்? அறுந்த நரம்பை ஒட்ட வைக்க முடியுமா?

முடியும். ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. அது தெரியாததால்தான் பலர் கையை இழக்கிறார்கள்.

தையல் போட்டாயிற்று!

ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். உடைந்த கண்ணாடி அவருடைய மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. தெருமுனையில் காயத்தைக் கழுவித் தையல் போட்டார்கள். பத்து நாளில் தையல் பிரித்தார்கள். காயம் ஆறிவிட்டது. எல்லோருக்கும் திருப்தி.

ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி கேட்கிறாள்:

"ஏங்க, வெரலு பொசுங்கியிருக்கே! தெரியலையா உங்களுக்கு?"

"தெரியலையே!"

சூடான டீ கிளாசைப் பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மரத்துக் கிடக்கின்றன. சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று நல்லெண்ணெய் தடவிப் பார்க்கிறார்கள். இன்னும் நான்கு மாதம் ஓடிவிடுகிறது.

தோல் ஒட்டிக்கொண்டது. உள்ளே நரம்பு ஒட்டவில்லை. அறுந்தது அறுந்தபடியே கிடக்கிறது!

நரம்பு எது?

இந்தக் குழப்பத்துக்கு நம்முடைய பேச்சு வழக்கும் ஒரு காரணம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதை நாம் நரம்பு என்கிறோம். அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். "நரம்பு ஊசி போட்டார்கள்" என்கிறோம். அந்த ஊசியும் ரத்தக் குழாயில் போட்டதுதான். விரலை மடக்கும்போது மணிக்கட்டில் விண்ணென்று நிற்கிறதே, அதையும் நரம்பு என்கிறோம். அது தசைநார். தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு.

உண்மையான நரம்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. வெள்ளையாக, கயிறு மாதிரி இருக்கும். மூளையும் முதுகுத்தண்டும் இடுகிற கட்டளை அதன் வழியாகத்தான் தசைக்குப் போகிறது. சூடு, குளிர், வலி, தொடுகை எல்லாம் அதே வழியாகத் திரும்பி வருகின்றன. போக ஒரு பாதை, வர ஒரு பாதை, இரண்டும் ஒரே கயிற்றுக்குள்!

கப்பலைக் கட்டும் வடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வடத்துக்குள் பல புரிகள். புரிக்குள் பல இழைகள். நரம்பும் அப்படித்தான். மேலே ஓர் உறை. உள்ளே புரிகள். ஒவ்வொரு புரிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை முதுகுத்தண்டில் புறப்பட்டால் விரல் நுனி வரைக்கும் இடையில் முடிச்சே இல்லாமல் ஓடுகிறது.

கைக்கு முக்கியமான நரம்புகள் மூன்று. மணிக்கட்டின் நடுவில் போகிற நரம்பு கட்டை விரல் பக்கத்து மூன்றரை விரல்களுக்கு உணர்ச்சி தருகிறது. சுண்டு விரல் பக்கமாகப் போகிற நரம்பு மீதி ஒன்றரை விரலைக் கவனித்துக்கொள்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவையும் அதன் பொறுப்பே. மூன்றாவது நரம்பு அறுந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும், நிமிர்த்த வராது.

தவளையின் நாக்கு

அறுந்த நரம்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெளிவாகப் பார்த்தவர் அகஸ்டஸ் வாலர் என்ற இங்கிலாந்து டாக்டர். 1850-ல் அவர் ஒரு தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டினார். நாள்தோறும் பூதக் கண்ணாடியில் பார்த்தார். மூளைப் பக்கம் இருந்த துண்டு உயிரோடு இருந்தது. மறுபக்கத்துத் துண்டு நொறுங்கிக் கரைந்தது.

கரைந்து போனது இழைதான். அதன் மேலே இருந்த குழாய் காலியாக அப்படியே நிற்கிறது. உயிருள்ள முனை சும்மா இருப்பதில்லை. வெட்டிய முருங்கைக் கொம்பு போலத் தளிர் விடுகிறது! அந்தத் தளிர் காலிக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் போதும். அதைப் பிடித்துக்கொண்டே விரல் நுனி வரை போய்விடும்.

குழாய் அகப்படாவிட்டால்? தளிர்கள் திசை தெரியாமல் சுருண்டு ஒரு கட்டியாகிவிடும். தொட்டால் சுரீர் என்று வலிக்கும். நம்முடைய தொழிலாளியின் மணிக்கட்டுக்குள் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, டாக்டர் நரம்பை ஒட்டுவதில்லை. தளிர் போவதற்குப் பாதையை நேராக்கிக் கொடுக்கிறார். போக வேண்டியது நரம்பின் வேலை.

சாணும் முழமும்

அது எவ்வளவு வேகமாகப் போகும்? இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்! மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று சொல்லலாம். நம் நகம் வளர்வதைவிட வேகம், அவ்வளவுதான்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனி வரை ஒரு சாண். ஆறேழு மாதம். முழங்கையில் அறுந்தால் ஒரு முழம். முழம் என்ற அளவே முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதானே! பதினைந்து மாதம். அக்குளுக்குப் பக்கத்தில் அறுந்தால் இருபது மாதத்துக்கு மேலும் ஆகும்.

தோல் காத்திருக்கும். தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. கட்டளை வராத தசை நாளுக்கு நாள் இளைக்கிறது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தாண்டினால் அது நார்போல் ஆகிவிடும். அதன் பிறகு நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது.

இப்போது அந்தத் தொழிலாளி எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஆறேழு மாதப் பயணத்துக்குப் புறப்பட வேண்டிய நரம்பு ஐந்து மாதம் வாசலிலேயே நின்றிருக்கிறது!

முடியினும் மெல்லிய நூல்

நரம்பை நூலால் தைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் வெறும் கண்ணால் பார்த்து, மேல் உறையை மட்டும் பிடித்துத் தைத்தார்கள். உள்ளே புரிகள் மாறிப் போயிருக்கும். கட்டை விரலுக்குப் போக வேண்டிய இழை நடு விரலுக்குப் போய்ச் சேரும். தசைக்குப் போக வேண்டியது தோலுக்குப் போகும்.

1960-க்குப் பிறகு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தைக்கும் முறை பரவியது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே தைக்கிறார். நூலோ தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான். மூச்சுக் காற்றில் பறந்துவிடும்!

முதலில் நசுங்கிய முனையைச் சீவி எடுக்கிறார்கள். நல்ல புரிகள் தெரிகிற வரைக்கும் சீவ வேண்டும். நரம்பின் மேல் ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் இரண்டு துண்டிலும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். கிழிந்த சேலையைக் கரைக்குக் கரை சேர்த்துத் தைப்பது போலத்தான். பிறகு புரிக்குப் புரி பொருத்தி, உறையில் சில தையல்கள். அதிகம் போட்டால் தழும்பு வழியை அடைத்துவிடும். கை அசையாமல் மூன்று வாரம் கட்டு.

கண்ணாடியும் கத்தியும் சுத்தமாக வெட்டும். அந்தக் காயத்தில் அன்றைக்கோ சில நாளைக்குள்ளோ தைத்துவிடலாம். யந்திரத்தில் நசுங்கிய கை அப்படியல்ல. எதுவரைக்கும் நரம்பு கெட்டது என்று முதல் நாளில் தெரியாது. சில வாரம் பொறுத்துத்தான் கெட்டதை வெட்டி எடுக்க முடியும். எடுத்தால் இடைவெளி விழும்.

இழுத்துப் பிடித்துத் தைத்தால் என்ன? வெகு காலம் அப்படித்தான் செய்தார்கள். வியன்னாவில் ஹான்னோ மில்லேசி என்ற டாக்டர் அது தவறு என்று காட்டினார். இழுத்துத் தைத்த நரம்பில் ரத்த ஓட்டம் குறைந்து, தழும்பு ஏறிவிடுகிறது. இழுப்பே இருக்கக் கூடாது. இடைவெளியில் வேறு நரம்பை வைத்துப் பாலம் போட வேண்டும் என்றார். 1972-ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகம் அந்த வழியில் திரும்பியது.

பாலத்துக்கு நரம்பு எங்கிருந்து வரும்? நோயாளியின் காலிலிருந்துதான்! கெண்டைக்காலின் பின்புறம் ஒரு நீளமான நரம்பு ஓடுகிறது. அதை எடுத்தால் பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப் போகும். நடப்பதற்குத் தடை இல்லை. காலில் ஓரம் கொடுத்துக் கையில் விரலை வாங்கிக்கொள்கிறார்கள்.

தன் கையையே வெட்டிக்கொண்ட டாக்டர்

திரும்பி வருகிற உணர்ச்சி எப்படி இருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள லண்டன் டாக்டர் ஹென்றி ஹெட் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தார். அவர்கள் சொன்னது போதவில்லை. 1903 ஏப்ரலில் தம்முடைய இடது கையிலேயே தோலுக்குப் போகும் ஒரு நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார்! நல்ல கை. நோய் ஒன்றும் இல்லை!

பிறகு அவர் கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் போய் உட்கார்ந்தார். நண்பர் ரிவர்ஸ் அவர் கண்ணை மூடச் சொல்லி, கையை ஊசியால் குத்தியும் பஞ்சால் தடவியும் ஐஸ் வைத்தும் சோதித்தார். நான்கு ஆண்டுக்கு மேல் இப்படி நடந்தது. இந்த ரிவர்ஸ் நமக்கு அந்நியர் அல்ல. அதற்குச் சற்று முன்புதான், 1901-02-ல், நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி அவர்களைப் பற்றி ஆராய்ந்தவர். 1906-ல் தோடர்களைப் பற்றிப் பெரிய புத்தகமும் போட்டார்.

இருவரும் கண்டது என்ன? முதலில் முரட்டு உணர்ச்சி திரும்புகிறது. ஊசி குத்தினால் வலி தாங்கவில்லை. ஆனால் எங்கே குத்தினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை! பஞ்சு தொட்டதை அறிகிற மெல்லிய உணர்ச்சி வர நெடுங்காலம் ஆயிற்று. அவர்கள் சொன்ன விளக்கத்தைப் பிற்கால டாக்டர்கள் முழுவதும் ஒப்பவில்லை. ஆனாலும், நரம்பு தளிர்க்கும் காலத்தில் நோயாளி ஏன் "சுரீர் என்கிறது, எறும்பு ஊர்கிறது" என்று தவிக்கிறார் என்பதை அந்தக் கை சொல்லிவிட்டது. அந்தத் தவிப்பு கெட்ட குறி அல்ல, நல்ல குறி!

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

இந்த வேலை நம் ஊரில் எங்கே நடக்கிறது? வடசென்னைக்காரர்கள் தூரம் போக வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையில், ராயபுரத்தை ஒட்டி, ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், பஞ்ச காலத்தில், அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் இருந்தது. அதுவே பிறகு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ்ந்த இடம் அல்லவா? கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்காயத்துக்கென்றே அங்கு தனிப் பிரிவைத் தொடங்கினார். அறுபட்ட விரல் நுனிக்குப் பக்கத்துத் தோலையே நரம்போடும் ரத்தக் குழாயோடும் நகர்த்தி மூடும் முக்கோண முறை ஒன்றை அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்டார்கள். தோலோடு நரம்பும் சேர்ந்து வருவதால் விரல் நுனிக்கு உணர்ச்சி இருக்கும். உலகத்துக் கை டாக்டர்கள் அந்த முறையை வெங்கடசாமி பெயரிலேயே அறிவார்கள்.

அந்தப் பிரிவு இன்று கைச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்கும் உரிய நிலையமாக வளர்ந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் அங்கே மின்சார விபத்தில் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு, இறந்தவர் ஒருவரின் கைகளைப் பொருத்தினார்கள். எலும்பு, ரத்தக் குழாய், தசைநார், நரம்பு எல்லாவற்றையும் மணிக்கணக்கில் நின்று இணைத்தார்கள். அந்தக் கைகளுக்கும் நரம்பு அதே வேகத்தில்தான் போக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

உலகத்தில் கையை மீண்டும் பொருத்திய கதைகளும் இப்படித்தான் தொடங்கின. 1962-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சரக்கு ரயிலில் அடிபட்டுத் துண்டான சிறுவனின் கையைப் பொருத்தினார்கள். ரத்தம் ஓட வைத்துக் கையைப் பிழைக்க வைத்தது முதல் நாள். நரம்புகளைச் சில மாதம் கழித்தே இணைத்தார்கள். 1963-ல் ஷாங்காயில் டாக்டர் சென் சோங்வெய் பொருத்தியது யந்திரத்தில் அறுபட்ட ஒரு தொழிலாளியின் கை.

காலம் கடந்துவிட்டால்?

தாமதமாக வந்தவர்களைக் கைவிட்டுவிடுவதில்லை. தோள் பக்கத்தில் நரம்பு பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. மோட்டார் சைக்கிள் விபத்தில் இந்தக் காயம் அதிகம். லாரிகளுக்கு இடையில் புகுந்து போகும் எண்ணூர் சாலைப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நன்றாக இருக்கும் நரம்பிலிருந்து ஒரு புரியை மட்டும் பிரித்து, செத்த நரம்பில் இணைக்கிறார்கள். முழங்கையை மடக்க இப்படிச் செய்யும் முறையை 1994-ல் பிரான்சு நாட்டு டாக்டர் ஓபெர்லின் வெளியிட்டார். தூரம் குறைவு, தசை சாவதற்குள் நரம்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நரம்பால் இனி ஆகாது என்றால் தசைநாரை இடம் மாற்றலாம். நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாரை எடுத்து, செயலற்ற விரலில் கட்டுவது. இதில் பெரிய சாதனை நடந்தது நம் வேலூரில். 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப் போன கைகளை இப்படி நிமிர்த்திக் காட்டினார். வேலை தர ஆளில்லாமல் தெருவில் நின்றவர்கள் கருவி பிடித்து வேலை செய்தார்கள்.

காயம் பட்டால்

மீன் வெட்டும்போதோ யந்திரத்திலோ மாஞ்சா நூலிலோ கை ஆழமாக அறுந்தால், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதையும் கொண்டுபோக வேண்டும். காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீனைப் போடுவது போல விரலை ஐஸில் போட்டுவிடாதீர்கள்! நேரே ஐஸ் பட்டால் விரல் கெட்டுப்போகும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள்.

தையல் போடுவதற்கு முன்பு ஒன்று கேளுங்கள்: "டாக்டர், நரம்பு அறுந்திருக்கிறதா?" கேட்பதில் தவறில்லை. நீங்களும் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு, மற்ற கையில் போலவே தெரிகிறதா என்று பாருங்கள்.

குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. தண்ணீரில் வெகு நேரம் ஊறினால் விரல் நுனி சுருங்குகிறதல்லவா? மீனவர் வீட்டில் இது தினம் பார்ப்பது. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்காது! 1973-ல் அயர்லாந்து டாக்டர் ஒருவர் இதை ஒரு சோதனையாகவே எழுதி வைத்தார். காயம் ஆறிய பிறகு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கூலி இல்லாத மாதங்கள்

ஆபரேஷன் ஒரு நாள். அதற்குப் பிறகு உள்ள மாதங்கள்தாம் கஷ்டம். டாக்டரால் அவற்றைக் குறைக்க முடியாது. ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு வேலையில் காயம் பட்டால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மீன் வெட்டும் பெண்ணுக்கு எது? மூட்டை தூக்குகிறவருக்கு எது? மூன்றாம் வாரம் கட்டுப் பிரித்ததும் பசி வேலைக்கு விரட்டுகிறது. பயிற்சிக்கு வருவது நின்றுபோகிறது. விரல் கணு இறுகிவிடுகிறது. நரம்பு நேர்மையாகத் தன் பாதையில் வந்து சேரும்போது, அசைய விரல் இல்லை. கத்திக்குத் தப்பிய கை இப்படிப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விடாமல் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு டாக்டர் மாதம் ஒரு முறை ஒரு வேடிக்கை காட்டுவார். தழும்பிலிருந்து தொடங்கி, கையின் மேல் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் நோயாளிக்குச் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். தளிரின் முனை அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே மையால் ஒரு புள்ளி. அடுத்த மாதம் புள்ளி ஓர் அங்குலம் தள்ளி விழும்.

விரல் நுனிக்கு வந்துவிட்டாலும் பாடம் முடிவதில்லை. தொடுகையை விரல் புதிதாகப் படிக்க வேண்டும், குழந்தை எழுத்துப் படிப்பது போல. கண்ணை மூடச் சொல்லி, கையில் பஞ்சு வைக்கிறார்கள், உப்புத்தாள் வைக்கிறார்கள். அரிசியில் கையை விட்டு, உள்ளே கிடக்கும் கொட்டைப் பாக்கை எடுக்கச் சொல்கிறார்கள். பிறகு நாணயம். முதலில் எல்லா நாணயமும் ஒன்றாகவே தெரிகிறது. கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடியும் மூடிக்கொண்டு தடவ வேண்டும். இதை வீட்டிலும் செய்யலாம். பிள்ளைகளே கையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "அப்பா, இது ஒரு ரூபாயா, அஞ்சு ரூபாயா?"